பொய்ச்சாட்சி சொன்ன மழை

அத்தியாயம் 6

"ஒரு மழை எப்ப முடியுது?"

துப்பறியும் ஜோதிலட்சுமி இதைக் கேட்ட நேரத்தில் அவளுடைய உதவியாளன் உவைசின் வாயில் பாதிப் பரோட்டா இருந்தது. இருந்தும் அவன்தான் முந்திக்கொண்டான்.

"குடையை மடக்கும்போது, அக்கா."

"உன்ட்ட கேக்கலலே. இந்தப் பிள்ளைட்ட கேட்டேன்."

இந்தப் பிள்ளை என்பது எதிர் நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்திருந்த சுஜிதா. ஆலங்குளத்துப் பெண். உதவிப் பொறியாளர். தன் முதல் பாலத்துக்குத் திட்டம் போட்டு, அது திறந்த மூன்றாம் மாதமே ஒரு பக்கம் சரிந்து ஓடைக்குள் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தவள். போன வாரம் சனிக்கிழமை மாலை நடந்தது அது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு விசாரணை.

தென்காசியில் கோபுரத்தைப் பார்த்த மாதிரி ஒரு செல்போன் கடை. அதன் மாடியில் இருக்கிற ஒற்றை அறைதான் ஜோதிலட்சுமியின் துப்பறியும் நிலையம். போலீசில் பத்து வருடம் இருந்துவிட்டு, சல்யூட் அடித்துக் கை வலிக்கிறது என்று வேலையை விட்டவள் அவள். உவைஸ் கடையநல்லூர்க்காரன். துபாயில் ஒரு மாலில் கேமராத் திரைகளை வெறித்துக்கொண்டிருக்கிற வேலையில் இருந்தான். அடுத்தவர்களை வேடிக்கை பார்க்கச் சம்பளம் ஊரிலேயே கிடைக்கும் என்று தெரிந்ததும் விமானம் ஏறிவிட்டான்.

"ஆறு மணி நேரம் மேடம்," என்றாள் சுஜிதா. "ஆறு மணி நேரம் ஒரு சொட்டு விழாம இருந்தாதான் ஒரு மழை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குள்ள சின்னத் தூறல் விழுந்தாக்கூட பழைய மழைதான் தொடருதுன்னு கணக்கு."

"அது யாரு வச்ச கணக்கு?"

"ஊருக்கு ஊரு மாறும். சில எடத்துல ரெண்டு மணி நேரம். சில எடத்துல ஒரு நாள்கூட வைப்பாங்க. பல வருசத்து மழையை எடுத்துவச்சு, எவ்வளவு இடைவெளி விட்டா முந்தின மழைக்கும் அடுத்த மழைக்கும் சம்பந்தமே இல்லாமப் போகுதுன்னு பாக்கணும். எங்க ஒப்பந்தத்துல ஆறு மணி நேரம்னு போட்டிருக்கு."

"அண்ணன் தம்பி சண்டை மாதிரி," என்றான் உவைஸ். "எத்தனை நாள் பேசாம இருந்தா ரெண்டு பேருக்கும் தனித்தனி ரேசன் கார்டு குடுக்கலாம்னு பாக்காங்க."

"நீ பேசாத. உன்னைப் பத்தித்தான் யோசிக்கேன்." ஜோதிலட்சுமி அவன் இலையைப் பார்த்தாள். "இவன் பத்து மணிக்குத் திங்கான், பன்னெண்டுக்குத் திங்கான், மூணு மணிக்குத் திங்கான். முழிச்சிருக்கும்போது ஆறு மணி நேரம் வாயை மூடினதே இல்ல. தூக்கத்துலயும் எந்திச்சு மிச்சர் திங்கான்னு இவன் உம்மா சொல்லுதாக. உங்க கணக்குப்படி இவன் பொறந்ததுல இருந்து ஒரே சாப்பாடுதான் சாப்பிட்டுட்டிருக்கான். சரிதானா?"

சுஜிதா சிரித்துவிட்டாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பாக இருக்க வேண்டும்; பாதியிலேயே நின்றுவிட்டது.

"அதேதான் மேடம். அதுலதான் நான் மாட்டிக்கிட்டேன்."

அவள் சொன்ன விவகாரம் இதுதான். ஒரே மழையில் பதினைந்து சென்டிமீட்டர் வரை பெய்தாலும் அந்தப் பாலம் தாங்க வேண்டும். அதற்குக் குறைவான மழையில் விழுந்தால் கட்டிய ஒப்பந்ததாரர் வேல்ராஜ் பொறுப்பு. அதற்கு மேல் பெய்து விழுந்தால், இந்த ஓடைக்குப் பதினைந்து போதும் என்று கணக்குப் போட்ட சுஜிதா பொறுப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்து விடியும் முன்பே நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் பிடித்து எட்டு சென்டிமீட்டர் பெய்தது. நடுவில் பதினோரு மணி நேர இடைவெளி. இரண்டும் வேறு வேறு மழை என்றால், எதுவும் பதினைந்தைத் தொடவில்லை. வேல்ராஜ்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஆனா இதைப் பாருங்க." சுஜிதா தன் செல்போனை நீட்டினாள். "பாலத்துக்கு மழைக் கணக்கு எடுக்க நான் குற்றாலத்துல வச்ச மழைமானியில அன்னைக்கு முன்பகல்ல ஒரு சின்ன மழை விழுந்திருக்கு. நாலே நாலு மில்லிமீட்டர். நட்டநடுவுல. அது ரெண்டு மழையையும் ஒட்ட வச்சிட்டு மேடம். இப்ப எல்லாம் சேந்து ஒரே மழை. பதினேழு சென்டிமீட்டர். வேல்ராஜ் தப்பிச்சுட்டாரு."

"நீ அன்னைக்கு எங்கன இருந்த?"

"பாலத்துலதான். வெள்ளி ராத்திரி மழைச் சத்தத்தைக் கேட்டதுல இருந்து தூக்கம் வரல. விடியும்போதே போயிட்டேன். சாயங்காலம் அது விழுத வரைக்கும் அங்கனதான் நின்னேன். பகல்ல ஒரு பொட்டுத் தூறல் இல்ல, நல்ல வெயிலு. ஆனா மிசின் மழைங்குது. விசாரணை அதிகாரி மகாராஜா சாரும் அதேதான் சொல்லுதாரு. 'நானே அன்னைக்கு முன்பகல்ல பாலத்துப் பக்கம் வந்தேம்மா, என் தலையிலயே தூறல் விழுந்துது'ங்காரு. அவரு செயற்பொறியாளர். அவரு தலையை நம்புவாங்களா, என் தலையை நம்புவாங்களா?" சுஜிதாவின் குரல் இறங்கியது. "வேலை போயிரும் மேடம். எங்க அப்பா சொந்தக்காரங்களை எல்லாம் வேன் வச்சுக் கூட்டிட்டு வந்து, எம் பொண்ணு போட்ட பாலம்னு காட்டினாரு. இப்ப அந்த ரோட்டுப் பக்கமே போகமாட்டேங்காரு."

உவைஸ் கூட மெல்லுவதை நிறுத்தினான்.

"அன்னைக்கு வேல்ராஜ் எங்கனலே இருந்தான்?" என்று ஜோதிலட்சுமி அவனிடம் திரும்பினாள்.

"இவங்க போன்ல சொன்னதுமே நேத்தே விசாரிச்சாச்சு அக்கா. அன்னைக்குக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஆளு புளியறை செக்போஸ்ட்ல. லாரி மாட்டிக்கிட்டு, போலீஸ்கூட வாக்குவாதம். வரிசையா எல்லாப் பரோட்டாக் கடையிலயும் சாட்சி இருக்கு. நான் எல்லாக் கடையிலயும் உக்காந்து விசாரிச்சேன்."

"அது உன் வயித்தைப் பாத்தாலே தெரியுது. குற்றாலத்துல அன்னைக்கு மழை பெஞ்சுதான்னு கேட்டியா?"

"கேட்டேன். பாதிப் பேரு பெஞ்சுதுன்னாங்க. பாதிப் பேரு சாரலுன்னாங்க. பழக்கடைக்காரரு ஒருத்தரு, 'ஏம் தம்பி, இது சீசன். என்னைக்குப் பெய்யல'ன்னு மங்குஸ்தானை என் கையில திணிச்சுட்டாரு."

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் போய் எந்த நாள் மழை பெய்தது என்று கேட்பது, கல்யாண வீட்டில் போய் எந்த விருந்தாளி ஏப்பம் விட்டார் என்று கேட்பது மாதிரி. ஜோதிலட்சுமி அந்தப் பக்கம் போகவே இல்லை. மேசையில் கிடந்த பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அந்த மிசின் எப்பிடி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"மேல ஒரு புனல் மேடம். அதுக்கு அடியில பார்க்ல உள்ள சீசாப் பலகை மாதிரி ஆடுத ரெண்டு சின்னக் கிண்ணம். ஒண்ணு நெறைஞ்சதும் 'டிக்'குன்னு கவுந்துரும், மத்தது நெறைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு டிக்கும் விழுந்த நேரத்தோட என் போனுக்கு வந்துரும்."

"அந்தச் சின்ன மழையோட டிக்கெல்லாம் வரிசையா வாசி. நான் தட்டுதேன்."

சுஜிதா வாசித்தாள். ஜோதிலட்சுமி பேனாவால் மேசையைத் தட்டினாள். முதலில் பேனா ஓடியது. டிக், டிக், டிக் என்று மூச்சு விடாமல் ஓடியது. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டுத் தட்டியது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. கடைசித் தட்டுக்கு முன்னால் உவைஸ் ஒரு வாய் பரோட்டாவை மென்று விழுங்கவே நேரம் இருந்தது.

"மழைன்னா கூடும், குறையும், நின்னுட்டு மறுபடி கூடும்," என்றாள் ஜோதிலட்சுமி. "இதைப் பாரு. ஓடுது, பொறவு நடக்குது, பொறவு உக்காந்துட்டு. ஒரு தடவைகூடத் திரும்பக் கூடவே இல்ல. இது மழையே இல்ல, சொட்டுது."

"வேல்ராஜ் ஆளை விட்டு ஒரு சொம்புத் தண்ணியை ஊத்திருப்பான் அக்கா!"

"சொம்புல ஊத்தினா எல்லா டிக்கும் ஒண்ணா விழுந்து முடிஞ்சிரும்லே. இது வடியுத தண்ணி. சுஜிதா, இதே மாதிரி வேற என்னைக்காவது வந்திருக்கா, பின்னாடி தேடிப் பாரு."

சுஜிதாவின் கட்டைவிரல் திரையைத் தள்ளியது. தள்ளியது. நின்றது. அவள் முகத்தில் ஒரு திகைப்பு.

"இருக்கு மேடம். நேத்துகூட இருக்கு! நேத்து குற்றாலத்துல சுள்ளுன்னு வெயிலு." அவள் இன்னும் தள்ளினாள். "பாலம் விழுந்ததுக்கு முந்தின வாரமும் இருக்கு. அதுக்கு முந்தின வாரமும்... எல்லாம் ஒரே மாதிரி. ஓடுது, நடக்குது, உக்காருது." சட்டென்று தலை நிமிர்ந்தாள். "எல்லாமே சனிக்கிழமை மேடம்."

ஜோதிலட்சுமி எழுந்து செருப்பை மாட்டினாள்.

"கிழமை பாத்துப் பெய்யுத மழையை இப்பதான் பாக்கேன். உவைசு, வண்டியை எடு."

"அக்கா, கடைசிப் பரோட்டா..."

"அதைத் தின்னுட்டே ஓட்டு. உனக்குத்தான் ஒரே சாப்பாடாச்சே."

* * *

ஞாயிற்றுக்கிழமை, சீசன் உச்சம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்து போனவர்கள் உவைசின் பழைய ஆம்னியை முந்திப் போனார்கள். வேன் ஜன்னல்களில் பாவாடைகள் பறந்தன. வழியில் இருந்த சின்னப் பாலங்களின் கைப்பிடிகளில் வேட்டிகள் காய்ந்தன. 'வாகனங்களை நிறுத்தாதீர்' என்ற பலகையின் மேல் யாரோ ஒருவருடைய பனியன் கை விரித்துப் படுத்திருந்தது. குற்றாலத்துக்கு வந்துவிட்டால் மனிதர்களுக்கு ஒரு பார்வை வந்துவிடுகிறது. கையில் ஈரத் துணி இருக்கும்போது கண்ணில் படுகிற எதுவும் அவர்களுக்குத் துணி காயப்போடுகிற கொடிதான்.

மழைமானி இருந்தது ஆவுடையம்மாள் லாட்ஜின் மொட்டை மாடியில். மேனேஜர் இசக்கிராஜா படிக்கட்டுக்குக் குறுக்கே நின்றார்.

"மாடிக்கு யாரும் போகக்கூடாது மேடம். பூட்டிப் போட்டிருக்கு. கவர்மெண்டு மிசின் இருக்கு."

"அந்த மிசினுக்குச் சொந்தக்காரியே வந்திருக்கா அண்ணாச்சி," என்று ஜோதிலட்சுமி சுஜிதாவை முன்னால் தள்ளினாள்.

அடையாள அட்டையைப் பார்த்ததும் இசக்கிராஜா வழிவிட்டார். வழிவிட்ட கையோடு நெற்றியையும் துடைத்துக்கொண்டார். மாடிக் காற்று குளுகுளுவென்று அடித்தது. வேர்க்க வேண்டிய இடமே இல்லை அது.

மாடியின் ஒரு மூலையில் கதவு சாத்திய ஓர் அறை. இன்னொரு மூலையில் பெரிய தண்ணீர்த் தொட்டி. நடுவில் நெஞ்சு உயரக் குழாயின் மேல் வெள்ளை நிற மழைமானி. கைப்பிடிச் சுவரில் ஒரு பெரிய ஈரிழைத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"இங்கன துணி காயப்போட ஒரு கொடிகூட இல்லையே அண்ணாச்சி?" என்றாள் ஜோதிலட்சுமி.

"இருந்துது மேடம். மிசினுக்கு இடைஞ்சல்னு இந்தம்மாதான் அவுக்கச் சொன்னாக."

சுஜிதா தலையாட்டினாள். ஜோதிலட்சுமி மழைமானியின் பக்கத்தில் போய், ஆட்காட்டி விரலைப் புனலுக்குள் விட்டு ஒரு வழி வழித்தாள். விரலை முகர்ந்தாள். பிறகு உவைசின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நல்லெண்ணெய்!" என்றான் உவைஸ். உள்ளே எட்டிப் பார்த்தான். நாலைந்து எறும்புகள் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தன. "யா அல்லாஹ், வானத்துல இருக்கவருக்கும் உடம்புச் சூடா? எண்ணெய் தேச்சுல்லா பெஞ்சிருக்காரு."

"சனிக்கிழமை. எண்ணெய். என்ன தெரியுது?"

"எண்ணெய்க் குளியல் மேடம்," என்றாள் சுஜிதா மெல்ல. "ஆம்பிளைங்க சனிக்கிழமைதான் எண்ணெய் தேச்சுக் குளிப்பாங்க. குளிச்சுட்டு ஈரத் துண்டை..." அவள் கை தானாக மழைமானியைக் காட்டியது. "இதுமேலயா போட்டாங்க?"

"கொடியை நீ அவுத்துட்டியே. சொட்டுத தண்ணி வடியுத வரைக்கும் வேற எங்கன போடுவான் பாவம்?"

சுஜிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் உவைஸ் விடவில்லை. அவனுக்கு இப்படி ஒரு கெட்ட குணம் உண்டு. கொண்டாட வேண்டிய நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்டுத் தொலைப்பான்.

"அக்கா, மத்த சனிக்கிழமை எல்லாம் சரி. அருவில குளிச்சுட்டு வந்து போட்டிருப்பான். ஆனா பாலம் விழுந்த அன்னைக்கு முந்தின ராத்திரிதான் அம்புட்டு மழை பெஞ்சிருக்கு. அருவி எல்லாத்துலயும் வெள்ளம். மெயின் அருவி, ஐந்தருவி, எங்கயும் குளிக்க விடல. போலீஸ் கயிறு கட்டி நின்னுது. எண்ணெய் தேச்ச ஆளு எங்கன போய்க் குளிச்சான்?"

சுஜிதாவின் முகம் மறுபடியும் வாடியது. கேள்வி நியாயமானதுதான். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் துண்டு நனைய வழியில்லை; வழக்கில் இருக்கிற ஒரே சனிக்கிழமையும் அதுதான்.

ஜோதிலட்சுமி மாடியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றாள். சீசனில் குற்றாலத்து மாடிகள் எல்லாம் பாசி பிடித்துப் பச்சையாகத்தான் இருக்கும். இந்த மாடியும் அப்படித்தான் இருந்தது, தொட்டி நிறைந்து வழிகிற குழாய்க்கு நேர் கீழே உள்ள வட்டத்தைத் தவிர. அங்கே மட்டும் பாசி தேய்ந்து, இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குத் தரை வெளுத்திருந்தது. ஓரத்தில் சீயக்காய்த் தூள் அப்பியிருந்தது.

"அண்ணாச்சி, டேங்க் நெறைஞ்சா மோட்டாரை நிப்பாட்டுவியளா, மாட்டியளா?"

இசக்கிராஜா வானத்தைப் பார்த்தார். பிறகு கொட்டிவிட்டார்.

"நான் என்ன மேடம் செய்ய? அன்னைக்கு அருவியை மூடிட்டாங்க. ஐயா தலை நிறைய எண்ணெயோட நிக்காரு. வாளித் தண்ணி அவருக்கு ஆகாதாம். தலையில தண்ணி மொத்தணுமாம். மோட்டாரைப் போடு, நான் சொல்லுத வரைக்கும் நிப்பாட்டாதன்னாரு. போட்டேன். டேங்க் நெறைஞ்சு வழிஞ்சுது. அவரு அதுக்கு அடியில நின்னு பாட்டெல்லாம் பாடினாரு. கீழ ரூம்ல உள்ளவுக எல்லாம் தண்ணி வரலன்னு என்னைப் பிடிச்சு ஏசினாங்க."

"ஆறாவது அருவி!" என்றான் உவைஸ் பக்தியோடு.

"யாரு அந்த ஐயா?"

இசக்கிராஜாவின் பார்வை சாத்திய அறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. "பேரு மட்டும் கேக்காதீக. பெரிய எடம். சீசன் முழுக்கச் சனி, ஞாயிறு இங்கனதான் தங்குவாரு. நான் பொழப்பைப் பாக்கணும்."

"கேக்கல அண்ணாச்சி. ஒரு வாளித் தண்ணி மட்டும் குடுங்க. உவைசு, அந்தத் துண்டை எடு."

சுஜிதா முதல் வேலையாகச் செல்போனில் 'சோதனை' என்று பதிந்தாள். இனிமேல் விழுகிற டிக் எதுவும் மழைக் கணக்கில் சேராது. உவைஸ் கைப்பிடிச் சுவரில் கிடந்த ஈரிழைத் துண்டை வாளியில் முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, மழைமானியின் தலையில் போட்டான். மூன்று பேரும் செல்போனைச் சுற்றித் தலையை நீட்டினார்கள். நான்காவதாக இசக்கிராஜாவும் நீட்டினார். பயத்தை விட ஆவல் பெரிதாகிவிட்டது அவருக்கு.

டிக். டிக். டிக். டிக்.

பிறகு மெதுவாக டிக்.

அதைவிட மெதுவாக இன்னொரு டிக்.

சுஜிதா பழைய சனிக்கிழமையைத் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே சரிவில் இறங்கின. வாயைத் திறந்தாள், அதற்குள் அறைக் கதவு திறந்துகொண்டது.

"ஏலே இசக்கி! எவம்லே என் துண்டை எடுத்தது?"

இடுப்பில் வேட்டியும் கண்ணில் பகல் தூக்கமுமாக ஒரு கனத்த மனிதர் வெளியே வந்தார். சுஜிதா இரண்டு அடி பின்னால் போனாள்.

"சார்!"

செயற்பொறியாளர் மகாராஜா. நாளைக்குக் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து சுஜிதாவை விசாரிக்கப் போகிறவர்.

"சுஜிதாவா? நீ இங்கன என்ன செய்த? இவங்கள்லாம் யாரு? என் துண்டு ஏன் மிசின் மேல கெடக்கு?"

"பெய்யுது சார்," என்றான் உவைஸ். "இப்பதான் மூணு மில்லிமீட்டர் தாண்டிருக்கு. தொந்தரவு பண்ணாதீக."

ஜோதிலட்சுமி யார் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு விஷயத்தையும் சொன்னாள். எண்ணெய், சனிக்கிழமை, தொட்டி, துண்டு என்று நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கேட்கக் கேட்க மகாராஜாவின் வாய் மெல்லத் திறந்தது. அந்த முகத்தில் கள்ளம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தன் அறைக்கு வெளியே ஒரு மழைமானி இருக்கிறது என்று தெரிந்த மனிதர்தான். ஆனால் ஈரத் துண்டைப் போடும்போது அவருக்கு அது வெறும் கம்பமாகத்தான் தெரிந்திருக்கிறது.

"அந்த மழை... என் துண்டா?" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"துண்டு விசயம் தெரியாது. நான் நம்புதேன் சார்," என்றாள் ஜோதிலட்சுமி. "பாலத்துல நிக்கும்போது தலையில தூறல் விழுந்துதுன்னு சொன்னியளே, அது?"

மகாராஜா வேட்டியை இறுக்கிக் கட்டினார். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு நான் பாலத்தைப் பாக்கப் போயிருக்கணும். மழை ராத்திரியோட நின்னுட்டு, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். சாயங்காலம் பாலம் விழுந்துட்டு. போகலைன்னு எப்பிடிச் சொல்ல? மிசினைப் பாத்தேன், முன்பகல்ல மழைன்னு போட்டிருந்துது. சரி, போயிருந்தா நனைஞ்சுதான் இருப்போம்னு..."

"போகாத எடத்துல, உங்க துண்டு பெஞ்ச மழையிலயே நனைஞ்சிருக்கிய!"

உவைஸ் சிரிப்பை அடக்கத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். மகாராஜா அவனைக் கவனிக்கவில்லை. சுஜிதாவின் அருகே வந்து குரலைத் தணித்தார்.

"இந்தா பாரும்மா. இதை வெளியே கொண்டு போகாத. நாளைக்கு நான்தான விசாரிக்கேன்? உன் பேருக்குப் பெரிய சேதாரம் இல்லாம, லேசா எச்சரிக்கையோட முடிச்சு விடுதேன். ஒரு துண்டுக்காக என் முப்பது வருச சர்வீசு போகலாமா?"

ஒரு வாரமாக இவருடைய பெயரைக்கூட 'சார்' சேர்த்தே சொன்னவள் சுஜிதா. இப்போது பின்னால் போன இரண்டு அடியையும் முன்னால் வந்தாள்.

"ஒரு துண்டுக்காக என் மூணு வருச சர்வீசு போகலாமா சார்?"

துண்டிலிருந்து கடைசியாக ஒரு சொட்டு விழுந்து மழைமானி 'டிக்' என்றது. அதற்குப் பிறகு மகாராஜா கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"விடியக்காலம் இருந்தே அங்கனயா நின்ன?"

"ஆமா சார். நான் உங்களை அங்க பாக்கவே இல்ல. நீங்க அக்கரையில வந்துட்டுப் போயிருப்பியன்னு நெனச்சேன்."

"சாயங்காலம் விழும்போது?"

"மழை மறுபடி பிடிச்சதும் ஓரத்து மண்ணு கரைய ஆரம்பிச்சுது சார். இந்தப் பக்கம் ஒரு கல்லை உருட்டி வச்சு மறிச்சேன். அந்தப் பக்கம் இருந்து மினி பஸ் ஒண்ணு வந்துது. கத்தினேன், டிரைவருக்குக் கேக்கல. பாலத்து மேல ஓடிப்போய் அதுக்குக் குறுக்க நின்னேன். பஸ் நின்னுட்டு. ஆட்களை இறக்கிப் பின்னால கொண்டு போகச் சொல்லிட்டு நானும் அக்கரைக்குப் போனேன். பொறவு கொஞ்ச நேரத்துல விழுந்துட்டு."

யாருக்கும் காயமில்லை என்று இந்த ஒரு வாரமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஜோதிலட்சுமியும் கேட்கவில்லை. அது அவளுக்கு நன்றாகவே உறைத்தது.

"இதை நீ ஏம்மா எங்கயும் சொல்லல?" என்றார் மகாராஜா.

"யாரும் கேக்கல சார். எல்லாரும் மழையைப் பத்தித்தான் கேட்டிய."

மகாராஜா தொட்டியின் கீழே வெளுத்துக் கிடந்த தரையைப் பார்த்தார். "நீ அந்தப் பாலத்துல நின்ன நேரத்துல நான் இங்கன நின்னு பாடிட்டிருந்தேன்," என்றார். குரலில் இப்போது அதிகாரி இல்லை. அறைக்குள் போய்ச் செல்போனை எடுத்துக்கொண்டு வந்து, எல்லோர் எதிரிலும் ஓர் எண்ணை அழுத்தினார்.

"ஐயா, மகாராஜா பேசுதேன். நாளைக்கு விசாரணைக்கு வேற ஆளைப் போடுங்க... இல்லைய்யா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கு." எதிர்முனை ஏதோ பதறியது. "அன்னைக்கு நான் பாலத்துக்குப் போகலைய்யா. எங்க இருந்தேன்னு நாளைக்குச் சொல்லுதேன், போன்ல சொன்னா நம்பமாட்டிய. நடுவுல மழையே பெய்யல. அது ரெண்டு மழை. எட்டு சென்டிமீட்டருக்கு விழுந்த பாலத்துக்கு என்ன போட்டுக் கட்டினான்னு வேல்ராஜைக் கூப்பிட்டுக் கேளுங்க. பொண்ணு போட்ட கணக்கு சரியா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தில் சுஜிதா உடைந்துபோனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து விம்மி விம்மி அழுதாள். உவைஸ் பதறிப்போய், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள மழைமானி மேலிருந்த துண்டை இழுக்கப் போனான். ஜோதிலட்சுமி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"வைலே அதை. சாட்சிப் பொருள்."

பிறகு தன் முந்தானையை எடுத்துச் சுஜிதாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க அழுகை வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.